ஹைதர் காலத்து இரும்பு

"மாப்ளே, ஹைதர் காலத்துது ஒண்ணு கெடச்சிருக்கு. நீ ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போ."

மாமாவின் போன் வந்தபோது நான் திருப்பதியில் இருந்தேன். ஹைதர் காலத்து என்று நம் பக்கத்தில் எதைத்தான் சொல்ல மாட்டோம்? உடைந்த மிக்ஸி, ஓடாத ஸ்கூட்டர், நாலு தலைமுறை புழங்கிய தேங்காய்த் துருவி எல்லாமே ஹைதர் காலத்துதான். ஆனால் மாமா அப்படிப் பேச்சுவாக்கில் சொல்கிற ஆள் இல்லை. சித்தூர் பக்கம் பலமனேர் சாலையில் இருக்கும் அவருடைய பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போடுகிறார்கள். பரணிலிருந்து இறக்கிய சாமான்களுக்கு நடுவே, எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு துப்பாக்கியின் துண்டு இருந்திருக்கிறது.

துண்டு என்றால் குழல் இல்லை, கட்டை இல்லை. துப்பாக்கியின் வலப்பக்கத்தில் பதித்திருப்பார்களே, விசையை இழுத்தால் குதிரை விழும்படி செய்கிற அந்த இயந்திரம் மட்டும். ஒரு சாண் நீள இரும்புத் தகடு, உள்பக்கம் இரண்டு வில், சில நெம்புகள், வெளிப்பக்கம் குதிரை. குதிரை என்பது சுத்தியல் மாதிரி மேலேறி நின்று கீழே விழும் பாகம். ஆங்கிலத்தில் இந்த மொத்த அமைப்புக்கு லாக் என்று பெயர். பூட்டு என்று எழுதினால் கதவுப் பூட்டு நினைவுக்கு வரும், அதனால் லாக் என்றே சொல்லிப் போகிறேன்.

நான் முப்பது வருஷம் ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் பயிற்சி கொடுத்தவன். அரம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதே என் பிழைப்பு. ஒரு இரும்பை அரத்தால் தேய்த்தார்களா, கிரைண்டரில் பிடித்தார்களா, அச்சில் வார்த்தார்களா என்று பார்த்ததும் சொல்வது தொழில் பழக்கம். பழைய துப்பாக்கிப் பாகங்கள் மேல் ஆசை வந்தது அந்த வழியில்தான். சுடுவதில் எனக்கு ஒரு விருப்பமும் இல்லை. இன்றைய லேத் இல்லாத காலத்தில், ஒரு மனிதன் கை அரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நுட்பமாக ஒன்றைச் செய்திருக்கிறானே என்கிற வியப்புதான்.

மாமா திண்ணையில் தினத்தந்தியை விரித்து அதன்மேல் வைத்தார். பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. குதிரையின் தலை ஒரு மிருகத்தின் தலை. இரண்டு காது, இரண்டு கண், திறந்த வாய்.

"புலி. பாத்தியா? புலின்னா யாரு?" என்றார் மாமா.

யார் என்று சித்தூர்க்காரனைக் கேட்கவே வேண்டியதில்லை. புலி, ஹைதரின் மகன் திப்புவின் சின்னம். 1782 டிசம்பர் 7ஆம் தேதி ஹைதர் அலி உயிர்விட்டது நம்ம சித்தூர் பக்கத்து நரசிங்கராயன்பேட்டையில், பாளையம் இறங்கியிருந்த இடத்தில். மகன் திப்பு அப்போது மலபார் பக்கம் போரில் இருந்தார். அவருக்குச் செய்தி போய்ச் சேரும் வரை படை கலைந்துவிடக் கூடாது என்று சாவையே மறைத்து வைத்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் நொறுக்கியிருந்தார்கள். அடுத்த வருஷம் சோளிங்கரில் சண்டை. இப்படி நம் மண்ணில் மூன்று வருஷம் படை நடந்திருக்கிறது. எந்த வீட்டுப் பரணில் இரும்பு கிடைத்தாலும் அதை ஹைதர் விட்டுப்போனதாக நினைப்பது இயல்புதான். கதைக்கு வேர் இருக்கிறது. ஆனால் கதை உண்மையாக இருப்பதாலேயே இரும்பும் அந்தக் கதையைச் சேர்ந்ததாகிவிடாது.

இதில் நான் பின்பற்றும் முறை ஒன்றுதான். கதையைக் கேட்டுக்கொள்வேன், எழுதி வைத்துக்கொள்வேன், பிறகு மடித்து ஓரமாக வைத்துவிட்டு இரும்பைப் பார்ப்பேன். அதுவும் மொத்தப் பொருளாக இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் தனியாக, "நீ எப்போது பிறந்தாய்?" என்று கேட்க வேண்டும். துப்பாக்கி மாட்டு வண்டி மாதிரி. சக்கரம் ஒரு காலத்தது, அச்சு ஒரு காலத்தது, நுகத்தடி போன வருஷம் போட்டது. ஒரு வண்டிக்கு ஒரே வயது இருக்க முடியாது.

பூதக்கண்ணாடியை எடுத்து முதலில் திருகாணித் தலைகளைப் பார்த்தேன். புதிதாக எதையாவது பார்ப்பவர்கள் பெரும்பாலும் முத்திரையையும் எழுத்தையும் தேடுவார்கள். நான் திருகாணியில்தான் ஆரம்பிப்பேன். யாராவது சமீபத்தில் கழற்றிப் பூட்டியிருந்தால் திருப்புளி வழுக்கிய பளபளப்பு அந்தக் காடியில் இருக்கும். இங்கே பளபளப்பு இல்லை. காடிக்குள் ஏதோ ஒன்று இறுகிக் கிடந்தது. குச்சியால் தொட்டுப் பார்த்தேன். மேலே கருப்பு, உள்ளே மஞ்சளும் சிவப்பும். சந்தனமும் குங்குமமும். எண்ணெயோடு சேர்ந்து கல்லாகியிருந்தது.

"மாமா, இதை ஆயுத பூஜைக்கு வைப்பீங்களா?"

"எங்கப்பா இருந்தவரைக்கும் இறக்கி வைப்பாரு. அவருக்கு முன்ன எங்க தாத்தா. அப்பா போன பிறகு யாரும் எடுக்கல."

அவர் அப்பா காலமாகி நாற்பது வருஷம். எந்த நிபுணர் எழுதித் தரும் சான்றிதழையும்விட எனக்கு அந்தப் பொட்டுதான் பெரிது. பொருள் இந்த வீட்டில் பல தலைமுறையாக இருந்தது, அந்தத் திருகாணியை நெடுங்காலமாக யாரும் திருப்பவில்லை என்ற இரண்டையும் அது சொல்லிவிட்டது. சந்தையில் வாங்கிப் பரணில் ஒளித்து வைத்த சரக்கில்லை இது.

ஆனால் தகட்டின் ஒரு மூலை மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. வெளியூரிலிருந்து வந்து பழைய சாமான் வாங்கும் தரகர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "திப்பு சாமான், தேய்ச்சு வைங்க, நல்ல விலை போகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பேரன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருக்கிறான். நல்ல வேளை, கை வலித்து விட்டுவிட்டான். தேய்த்த இடத்தின் ஓரத்தில் ஒரு முத்திரை இருந்தது. அதில் பாதிதான் மிச்சம்.

இருநூறு வருஷம் காத்து வைத்ததை அரை மணி நேரத்தில் உப்புத்தாள் தின்றுவிட்டது. இதைப் பார்த்தபோது எனக்கு வந்த வேதனையைச் சொல்லி முடியாது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கம் நமக்கு. விளக்குக்கு அது சரி. பழைய இரும்புக்கு அதன் துருதான் பிறப்புச் சான்றிதழ்.

மிச்சமிருந்த பாதி முத்திரையைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தேன். டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது. தகட்டின் மட்டத்துக்குப் பக்கத்திலிருந்து அடித்தால் மேடு பள்ளத்தின் நிழல் விழும். விழுந்த நிழலில் ஒரு சிங்கத்தின் முன்பாதி தெரிந்தது. பின்னங்கால்கள் போய்விட்டன. முன்னங்கால்களில் ஒரு கிரீடத்தைப் பிடித்திருந்தது.

இந்தச் சிங்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்கம். கம்பெனி தன் துப்பாக்கிகளுக்கு முதலில் வேறு முத்திரை போட்டது. ஒரு இதய வடிவம், அதை நாலாக வெட்டும் குறுக்குக் கோடுகள், நாலு கட்டத்திலும் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள், தலைமேல் ஆங்கில 4 மாதிரி ஒரு கொக்கி. சரக்கு மூட்டைகள் மேல் போட்ட வணிகக் குறியையே துப்பாக்கிக்கும் போட்டார்கள். 1808 வாக்கில் அதை மாற்றி, எழுந்து நிற்கும் சிங்கத்தைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்து அரசனின் படைக்குச் செய்த துப்பாக்கியில் இந்த இரண்டுமே இருக்காது. அதில் கிரீடமும் ஜி.ஆர். எழுத்தும் டவர் என்ற சொல்லும் இருக்கும்.

ஆகவே தகடு 1808ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது. ஹைதர் இறந்தது 1782. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி முத்திரை இருப்பதாலேயே அது ஹைதர் படையில் இருந்திருக்க முடியாது என்று சொல்வது தப்பு. பொள்ளிலூரில் தோற்ற படையின் துப்பாக்கிகள் ஜெயித்தவன் கைக்குத்தான் போயிருக்கும். இதய முத்திரை போட்ட, 1780க்கு முந்தைய கம்பெனி லாக் ஒன்று நம் பக்கத்தில் கிடைத்தால், அதை ஹைதர் காலத்தோடு சேர்த்துப் பேச இடம் உண்டு. சிங்கத்துக்கு அந்த இடம் இல்லை.

சரி, குதிரைக்கு வருவோம். மாமாவின் புலிக்கு.

துப்பாக்கியில் மருந்து தீப்பிடிக்கும் முறையை வைத்தே பாதி வயதைச் சொல்லிவிடலாம். முதலில் திரித் துப்பாக்கி. எரியும் திரியைக் குதிரை கவ்விக்கொண்டு போய் மருந்தில் வைக்கும். பிறகு சக்கிமுக்கிக் கல். குதிரையின் வாய் ஒரு கல்லைக் கவ்வியிருக்கும், எஃகுத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். மூன்றாவதுதான் கேப்பு. சின்னச் செப்புத் தொப்பிக்குள் வெடிக்கும் பொருள், அதை ஒரு முளைமேல் மாட்டினால் குதிரை அதன் தலையில் அடிக்கும். நரிக்குறவர்கள் தோளில் அந்தக் கேப்புத் துப்பாக்கியை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள்.

மாமாவின் மிருகம் வாயைத் திறந்திருந்தது என்றேன் அல்லவா? அந்த வாய் கல்லைக் கவ்வும் தாடை இல்லை. உருண்டையாக, குழிந்து, ஒரு கிண்ணம் மாதிரி. கேப்பின் மேல் கவிழ்ந்து அடிக்கிற கிண்ணம். அடித்தால் வெடிக்கும் பொருளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் வழிக்கு அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் காப்புரிமை வாங்கியதே 1807இல்தான். செப்புக் கேப்பு பரவியது 1820களில். பிரிட்டிஷ் படை அதற்கு மாறியது 1840ஐ ஒட்டி. திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் விழுந்தது 1799 மே 4. கேப்பு அடிக்கும் குதிரை எதையும் திப்பு கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. புலித்தலை போட்ட கேப்பு லாக்கைத் திப்புவுடையது என்று யார் விற்க வந்தாலும், வேறெதையும் பார்க்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

திப்புவின் ஆயுதங்கள் எப்படி இருக்கும் என்பதற்கு ராபின் விகிங்டன் 1992இல் எழுதிய புத்தகம் இருக்கிறது. அவற்றில் புலி வெறும் தலையாக இருக்காது. பப்ரி என்று சொல்லும் புலிக்கோடு குழலிலும் தகட்டிலும் ஓடும். வேலை அரண்மனைத் தட்டான் வேலை மாதிரி இருக்கும். இன்னொரு விஷயம் ஆண்டு. திப்பு மௌலூதி என்று தனியாக ஒரு ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அதன் இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதினார்கள். அரபி எழுத்து வலமிருந்து போனாலும் எண்கள் நம்மைப் போல இடமிருந்துதான் போகும். திப்பு அதை மாற்றினார். 1224 என்ற ஆண்டு அவருடைய பொருளில் 4221 என்று படிக்கும்படி நிற்கும்.

இது எனக்கு உபயோகப்பட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்னால் திருப்பதியில் ஒருவர் எனக்கு ஒரு "திப்பு தகடு" காட்டினார். துரு நன்றாக ஏறியிருந்தது. பாரசீக எழுத்து, ஆண்டு, புலிமுகம் எல்லாம் இருந்தன. உருது படித்த நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் ஆண்டைச் சாதாரணமாக இடமிருந்து படித்து 1224 என்றார். ஹிஜ்ரி கணக்கில் அது திப்பு இறந்து பத்து வருஷத்துக்குப் பிந்தைய ஆண்டு. மௌலூதி என்றால் எண்கள் திரும்பி நின்றிருக்க வேண்டும். செய்தவருக்கு ஆண்டு தெரிந்திருக்கிறது, எழுதும் முறை தெரியவில்லை.

ஆனால் நான் அதற்கு முன்பே முடிவுக்கு வந்திருந்தேன். எழுத்தின் ஓரத்தைப் பார்த்தேன். உண்மையான பழைய இரும்பில் முதலில் எழுத்து, பிறகு துரு. துருவின் குழிகள் எழுத்தின் விளிம்பைக் கடித்துத் தின்றிருக்கும், எழுத்தின் அடிப்பகுதியிலும் குழி இருக்கும். அந்தத் தகட்டில் குழிகள் எழுத்து வரைக்கும் வந்து நின்றுவிட்டன. சில இடத்தில் உளி இழுத்த இரும்புப் பிசிறு குழிமேல் மடிந்து கிடந்தது. துரு முதலில், எழுத்து பிறகு. அமிலம் போட்டுத் துருவேற்றிய பழைய தகட்டில் புதிதாக வெட்டியிருக்கிறார்கள். விரலால் தடவினேன், ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டியது. பழைய துரு அப்படி ஒட்டாது. காப்பிக்கொட்டை நிறத்தில், இரும்போடு இரும்பாக இறுகியிருக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால் குண்டூசித் தலையளவு காற்றுக் குமிழிகள். வார்த்த தகடு. அந்தக் காலத்து லாக் தகடு உலையில் அடித்து, அரத்தால் தேய்த்துச் செய்தது. அதில் குமிழி வராது.

மாமாவின் குதிரையில் இந்த மாதிரி எதுவும் இல்லை. அப்படியானால் அது என்ன? ஹைதருடையது இல்லை, திப்புவுடையது இல்லை. கம்பெனியும் இப்படி மிருகத் தலை போட்ட குதிரையைச் சிப்பாய்க்குக் கொடுக்கவில்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாத பாகம். இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். பட்டியலில் இல்லை என்றால் ஒரு கூட்டம் "அபூர்வம்" என்கிறது, இன்னொரு கூட்டம் "போலி" என்கிறது. இரண்டும் அவசரம். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. நம் ஊர்க் கொல்லன்.

லாக்கைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன். வில், நெம்பு, தாங்கும் பாலம் எல்லாவற்றிலும் ஓரத்தில் மூன்று சின்ன அரக்கீறல்கள். பழைய பட்டறைகளில் ஒவ்வொரு லாக்கின் பாகங்களையும் அதற்கென்றே தேய்த்துப் பொருத்துவார்கள். அடுத்த லாக்கின் பாகம் இதில் சரியாக உட்காராது. கலந்துவிடாமல் இருக்க இப்படிக் கீறல் போட்டு வைப்பார்கள். திருகாணியின் மரைகூட அப்படித்தான். ஜோசஃப் விட்வொர்த் ஒரே அளவு மரை வேண்டும் என்று சொன்னது 1841இல். அதற்கு முந்தைய திருகாணி எந்தத் தர அளவிலும் அடங்காது. உள்பாகம் எல்லாம் மூன்று கீறல், ஒரே குடும்பம். குதிரையில் கீறல் இல்லை. அது பிறகு வந்து சேர்ந்தது.

அடுத்து தகட்டின் முன்பகுதி. சக்கிமுக்கி லாக்கில் அங்கே எஃகுத் தகடும், அதற்கு ஒரு வில்லும், மருந்து வைக்கும் சின்னக் கிண்ணமும் இருக்கும். மாமாவின் லாக்கில் அவை இல்லை. அவை இருந்த ஓட்டைகளை இரும்புத் துண்டு வைத்து அடைத்திருந்தார்கள். துருவுக்கு அடியில், தலைமயிர் கனத்தில், வட்டமாக ஒரு மஞ்சள் கோடு. பித்தளையை உருக்கிப் பற்றவைத்த கோடு. அதன்மேல் துரு ஒரே சீராக ஓடியிருந்தது. தகட்டின் துருவும் அடைப்பின் துருவும் ஒன்றாக வளர்ந்தவை.

குதிரையின் பின்பக்கத்தில் மெருகு இல்லை. அங்கே அரத்தின் தடம் அப்படியே இருந்தது. முரட்டு அரம், ஒரே பக்கமாகச் சாய்ந்த இழுப்பு, நடுவில் இரண்டு இடத்தில் கை தடுமாறியிருக்கிறது. லாக்கின் சதுர அச்சுக்கு ஏற்ற ஓட்டையைக் கையால் தேய்த்துச் சதுரமாக்கியிருக்கிறார். என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பரீட்சை அதுதான், வட்ட ஓட்டையைச் சதுரமாக்கு என்று. இவர் தேர்ச்சி பெற்றவர். நாலு மூலையும் அச்சோடு பிடித்து நிற்கின்றன, இன்றைக்கும் ஆட்டம் இல்லை.

முகத்தைப் பார்த்தால் புலி இல்லை. கண் இரண்டும் குத்தூசியால் தட்டிய புள்ளிகள். பிடரி உளிக் கோடுகள். புலிக்குப் பிடரி கிடையாது. கோயில் தூணில் நிற்கும் யாளிக்கு உண்டு. நம் பக்கத்தில் தேரிலும் தூணிலும் யாளியைப் பார்த்து வளர்ந்த கை இது. தென்னாட்டுத் திரித் துப்பாக்கிகளில் குதிரையை யாளி வடிவில் செய்யும் பழக்கமும் இருந்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை இருக்கின்றன. நம் முன்னோர் இரும்பில் என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் அங்கே அரை நாள் நிற்க வேண்டும்.

கடைசியாக வாய். போலியா, நிஜமாகப் புழங்கியதா என்ற கேள்விக்கு வாய்க்குள் பதில் இருந்தது. குதிரையின் மற்ற இடங்களில் துரு மேலோட்டமாக இருக்க, கிண்ணத்துக்குள்ளும் அதன் உதட்டைச் சுற்றியும் ஆழமான குழிகள். கேப்பு வெடிக்கும்போது அதிலிருந்து தெறிக்கும் உப்பு இரும்பை அரிக்கும். ஒன்றிரண்டு முறை வெடித்தால் இப்படி அரிக்காது. வருஷக்கணக்கில் பயன்பட்டிருக்க வேண்டும். அலங்காரத்துக்குச் செய்து விற்பவர்கள் வாய்க்குள் அரிப்பு வைப்பதில்லை.

ஆக, என் முடிவு இது. தகடும் உள்வேலையும் கம்பெனியுடையவை, 1808ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. சக்கிமுக்கியாக வந்ததைப் பிறகு ஒரு நாட்டுக் கொல்லர் கேப்புக்கு மாற்றியிருக்கிறார். யாளிக் குதிரை அவர் கைவேலை. மொத்தமும் அசல். எதனுடைய அசல் என்பதில்தான் மாமாவுக்கும் எனக்கும் வித்தியாசம்.

இது நம் பக்கத்துக்கு வந்த வழிகள் பல இருக்கலாம். 1801இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகம் கம்பெனி கைக்கு வந்த பிறகு சித்தூர் வட ஆற்காட்டு மாவட்டத்தின் தலைநகரம். 1911இல் தனி மாவட்டமாகும் வரை அப்படித்தான். 1804இல் இங்கேயே மேற்குப் பாளையக்காரர்கள் கம்பெனியை எதிர்த்து எழுந்தார்கள். தெற்கே பாஞ்சாலங்குறிச்சி விழுந்த அதே 1801இல், டிசம்பரிலேயே, ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் அறிவிப்பு வெளியிட்டிருந்தார். பிறகு 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது என்றது. முழுத் துப்பாக்கி பரணில் கிடைப்பது அபூர்வமாகவும், பாகங்கள் கிடைப்பது சகஜமாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். குழலைக் கடப்பாரையாக்கலாம், கட்டையை அடுப்பில் வைக்கலாம். யாளி முகம் போட்ட குதிரையை உருக்க யாருக்கு மனசு வரும்?

பிந்திய காலத்துப் பாகங்களுக்கும் இதே கணக்குதான். .303 ரைஃபிளின் பாகம் என்று எதையாவது காட்டினால் கிரீடத்துக்குக் கீழே இருக்கும் எழுத்தையும் ஆண்டையும் சேர்த்துப் படியுங்கள். வி.ஆர். என்றால் விக்டோரியா. அவர் இறந்தது 1901 ஜனவரி. வி.ஆர். போட்டு 1915 என்று இருந்தால் அது ஆப்கான் எல்லைப் பக்கத்துக் கைப்பட்டறைச் சரக்கு. அங்கே என் என்ற ஆங்கில எழுத்தைக்கூடத் திருப்பிப் போட்டிருப்பார்கள். ஆனால் .303 விஷயத்தில் ஆராய்ச்சி ஆசையே வேண்டாம். சட்டப்படி அது சாதாரணமாகத் தனியார் வைத்திருக்கக் கூடாத ரகம்.

சட்டத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது. எது சுட முடியாதது என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. பொருள் கிடைத்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முழுக் குழல் கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். உள்ளே மருந்தும் குண்டும் அடைத்தபடியே இருக்கலாம். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் வெடிக்கும். பழைய இரும்புக் கடையில் காஸ் வைத்து வெட்டும் தம்பிகளுக்கு இதைத் தயவுசெய்து சொல்லுங்கள்.

கிடைத்த இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கர்நாடகத்து ஷிமோகா மாவட்டத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. பிதனூரு நகரா என்ற ஊரில் 2018இல் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது திப்பு காலத்து இரும்பு ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் குவியலாகக் கிடைத்தன. மண்ணே வெடிமருந்து வாசனை அடித்ததாம். இரும்புக்குள்ளிருந்த மருந்தைச் சோதித்தார்கள், கிணறும் குவியலும் அப்படியே பதிவாயின. அதே ராக்கெட்டுகளை யாராவது ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்துச் சந்தையில் விற்றிருந்தால் இன்று அவை வெறும் இரும்புக் குழாய்கள். மறுபக்கம், 2023 மே மாதம் லண்டனில் திப்புவின் படுக்கையறை வாள் ஒன்று 140 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அந்தச் செய்தி வந்த பிறகுதான் நம் ஊர்களில் தரகர் நடமாட்டம் கூடியது என்பது நான் கண்ணால் பார்த்தது.

எல்லாவற்றையும் மாமாவிடம் சொல்லி முடிக்க இரவு எட்டு மணி ஆகிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப ஹைதர் இல்ல."

"இல்ல மாமா."

"அந்த மூஞ்சியைச் செஞ்சவன் நம்ம ஊர்க்காரன்னு சொல்ற."

"ஊர்ப் பேரு இரும்புல இல்ல. ஆனா யாளியைப் பாத்து வளந்த கை மாமா. கம்பெனிக்காரன் கை இல்ல."

குதிரையைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். "அப்ப தரகனுக்கு எதுக்குக் கொடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே சாப்பாடு போடச் சொன்னார்.

இதைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பரணில், மாட்டுக் கொட்டகையில், பழைய பெட்டியில் இப்படி ஒரு பாகம் கிடைத்தால் தேய்க்காதீர்கள். புளி வேண்டாம், உப்புத்தாள் வேண்டாம், பெயிண்ட் வேண்டவே வேண்டாம். திருகாணியைத் திருப்பாதீர்கள். இரண்டு பக்கமும் சாய்ந்த வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். எங்கே கிடைத்தது, யார் வீடு, பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். அவர்கள் சொன்னது தப்பாக இருந்தாலும் எழுதுங்கள். பிறகு அருகிலிருக்கும் அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறை அலுவலகத்துக்கோ ஒரு கடிதம் போடுங்கள். நம் பக்கத்துக்குச் சந்திரகிரிக் கோட்டை ராஜமகாலில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. திருப்பதியிலிருந்து அரை மணி நேரப் பயணம்.

மாமா வீட்டு லாக் இப்போது ஒரு மரப்பெட்டியில், பருத்தித் துணிக்குள் இருக்கிறது. கூடவே இரண்டு தாள்கள். ஒன்றில் அவர் சொன்ன ஹைதர் கதை, அவர் கையெழுத்தில். இன்னொன்றில் நான் பார்த்தவை. வரும் ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டை இரும்பில் வைக்காமல் பெட்டி மூடியில் வைப்பதாக மாமா ஒப்புக்கொண்டிருக்கிறார்.